நரையும் சாயமும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



இம்மாதப் பாடத்துக்கு எடுத்துக்கொண்ட விஷயம் பார்வைக்குச் சிறியது. ஒரு மனிதனின் தலைமுடியையும் தாடியையும் பற்றியது. இதற்கு ஒரு பாடமா என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் மஸ்ஜித் இந்தியா சாலையிலும், பிரிக்பீல்ட்ஸிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கல்லாவில் அமர்ந்திருக்கும் நம்மவர்களில் நாற்பது வயதைக் கடந்த பலர், மூன்று வாரத்துக்கு ஒருமுறை குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்துவரும் காரியம் இது. பல ஆண்டுகள் சாயம் பூசிய பிறகு, "இதை விட்டுவிட்டால் நல்லது, ஆனால் எப்படி விடுவது?" என்று மனத்துக்குள் கேட்டுக்கொள்கிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். வெளியே கேட்க வெட்கம். ஆலிமிடம் கேட்டால் ஏச்சு விழுமோ என்ற அச்சம். வீட்டில் சொன்னால் சிரிப்பார்களோ என்ற தயக்கம். இவற்றால் கேள்வி வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது.

ஆகவே நரை என்பது என்ன, அதைப் பற்றி மார்க்கம் சொல்வது என்ன, சாயம் உடம்பில் செய்வது என்ன, கறுப்புச் சாயத்திலிருந்து சொந்த நரைக்குத் திரும்பும் வழி என்ன, வியாபாரிக்கு இதில் உள்ள கடமை என்ன என்று வரிசையாகப் பார்ப்போம். தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் வேலை. நூல்களில் உள்ளதை எடுத்து வைப்பதே நம் வேலை.

நரை என்பது என்ன?

தலையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொரு முடியின் வேரிலும் அதற்கு நிறம் ஊட்டும் நுண்ணிய உயிரணுக்கள் உள்ளன. அவை உண்டாக்கும் நிறப்பொருளுக்கு மெலனின் என்று பெயர். வயது ஏற ஏற அந்த உயிரணுக்கள் குறைந்து, பிறகு வேலையை நிறுத்திவிடுகின்றன. அதன்பின் வேரிலிருந்து வருகிற முடி நிறமில்லாமலே வருகிறது. அதுதான் நரை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளியே வந்துவிட்ட முடிக்கு உயிர் இல்லை. கறுப்பாக வெளியே நிற்கும் முடி தானாக வெளுப்பதில்லை. வெள்ளை முடி வேரிலிருந்தே வெள்ளையாக வருகிறது. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். இந்தக் கணக்கைச் சகோதரர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் சொல்லப்போகும் வழி முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

எந்த வயதில் நரைக்கும் என்பதைப் பெரும்பாலும் பரம்பரையே தீர்மானிக்கிறது. தகப்பனாருக்கு முப்பதில் நரைத்திருந்தால் மகனுக்கும் அப்படி நேர்வது இயல்பு. எனினும் வைட்டமின் பி12 குறைவு, தைராய்டுக் கோளாறு, புகைப்பழக்கம் ஆகியவையும் இளநரையோடு சம்பந்தப்பட்டவை. ஆகவே இருபது வயதுப் பிள்ளைக்குத் தலை மளமளவென்று நரைத்தால், சாயப் பொட்டலத்தைத் தேடுமுன் கிளினிக்குக்குப் போய் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே முறை.

திருமறையில் நரை

நரையைப் பற்றித் திருமறை பேசுகிறது. ஸூரத்துர் ரூமின் 54-ஆவது ஆயத்தில், மனிதனைப் பலவீனத்தில் படைத்து, பின் பலம் கொடுத்து, அந்தப் பலத்துக்குப் பின் மீண்டும் பலவீனத்தையும் நரையையும் ஆக்கியவன் தானே என்று அல்லாஹுத் தஆலா அறிவிக்கிறான். ஸூரா மர்யமின் தொடக்கத்தில் ஜக்கரிய்யா நபி (அலை) அவர்கள் பிள்ளை வரம் கேட்டுத் துஆ செய்யும்போது, தம் எலும்பு தளர்ந்ததையும் தலை நரையால் மின்னுவதையும் தம் இறைவனிடம் எடுத்துச் சொல்கிறார்கள். நரையை மறைத்துக்கொண்டு அவர்கள் கேட்கவில்லை. நரையை முன்வைத்தே கேட்டார்கள். அந்தத் துஆ கபூலாயிற்று. யஹ்யா நபி (அலை) அவர்கள் பிறந்தார்கள்.

ஸூரா ஃபாத்திரில் எச்சரிப்பவர் உங்களிடம் வரவில்லையா என்று கேட்கப்படும் இடத்துக்கு விரிவுரை எழுதியவர்களில் சிலர், அந்த எச்சரிப்பவர் நரைதான் என்று பொருள் சொல்லியிருக்கிறார்கள். கடை அடைக்கும் நேரம் நெருங்குகிறது, கணக்கை முடித்து வை என்று சொல்லும் மணியோசை போன்றது அது. மணியைத் துணியால் மூடிவிட்டால் நேரம் நின்றுவிடாது.

ஹதீதுகள் சொல்வது

மக்கா வெற்றி ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 630-இல் நடந்தது. அன்று ஹஜ்ரத் அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்களின் தகப்பனார் அபூ குஹாஃபா அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் அழைத்து வரப்பட்டார்கள். முதுமையால் கண் பார்வை போயிருந்தது. தலையும் தாடியும் வெண்பூச் செடிபோல் முற்றும் வெளுத்திருந்தன. முதியவரை வீட்டிலேயே இருக்கச் செய்திருந்தால் நாமே அவரிடம் வந்திருப்போமே என்ற கருத்தில் நபிகளார் பேசியதாகச் சரித்திர நூல்களில் காண்கிறோம். நரைத்த பெரியவருக்கு அந்த வெற்றி நாளிலும் கிடைத்த மரியாதை அது. அவர்கள் இஸ்லாத்தைத் தழுவினார்கள். அந்த வெண்மையை ஏதேனும் ஒன்றைக் கொண்டு மாற்றும்படியும், கறுப்பைத் தவிர்க்கும்படியும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். இது ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது.

யூதரும் கிறிஸ்தவரும் சாயமிடுவதில்லை, நீங்கள் அவர்களுக்கு மாறுபடுங்கள் என்ற கருத்துள்ள ஹதீது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. அபூபக்கர் (ரலி) அவர்கள் மருதாணியையும் கதம் என்னும் செடியின் இலையையும் கலந்து பூசினார்கள். உமர் (ரலி) அவர்கள் மருதாணி மட்டும் பூசினார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது தலையிலும் தாடியிலுமாக இருபது வெள்ளை முடிகூட இருக்கவில்லை என்று சொன்னவரும் அதே அனஸ் (ரலி) அவர்கள்தாம்.

நரை முடியைப் பிடுங்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அது முஸ்லிமுக்கு ஒளி என்றார்கள். இது அபூதாவூத், திர்மிதீ நூல்களில் உள்ளது. நரைத்த முஸ்லிமைக் கண்ணியப்படுத்துவது அல்லாஹ்வை மகத்துவப்படுத்துவதில் சேர்ந்தது என்ற கருத்துள்ள ஹதீதும் அபூதாவூதில் இருக்கிறது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு செய்தி வருகிறது. முதன்முதல் நரையைக் கண்டவர் இப்ராஹீம் நபி (அலை) அவர்கள். இது என்னவென்று இறைவனிடம் கேட்டார்கள். கண்ணியம் என்று பதில் வந்தது. அப்படியானால் அதை எனக்கு அதிகமாக்கு என்று வேண்டினார்கள்.

மத்ஹபுகளின் நிலை

நம் மக்களில் கடற்கரையூர்களிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் ஷாஃபி. ராவுத்தர் குடும்பங்கள் ஹனஃபி. இரண்டின் நிலையையும் அறிந்துகொள்வது நல்லது.

மஞ்சள், சிவப்பு, பழுப்பு நிறங்களில் சாயமிடுவதில் தடையில்லை. அது ஸுன்னத்தான காரியம் என்றே இரு சாராரும் சொல்வர். கறுப்பைப் பற்றித்தான் பேச்சு. ஷாஃபி மத்ஹபில் இமாம் நவவி (ரஹ்) அவர்கள், கறுப்புச் சாயம் ஹராம் என்பதே சரியான சொல் என்று எழுதியிருக்கிறார்கள். போர்க்களத்தில் எதிரிக்கு அச்சம் உண்டாக்கப் பூசுவது மட்டும் விலக்கு. ஹனஃபி மத்ஹபில் பெரும்பாலோர் மக்ரூஹ் என்பர். இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள் மனைவிக்காக அலங்கரித்துக்கொள்ளும் நோக்கில் பூசுவதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். ஸஹாபாக்களிலும் தாபியீன்களிலும் சிலர் கறுப்புப் பூசியதாக அறிவிப்புகள் இருப்பதே இந்தக் கருத்து வேற்றுமைக்குக் காரணம்.

சரி, ஒன்றும் பூசாமல் நரையை நரையாகவே விட்டுவிடலாமா? விடலாம். ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களின் தாடி வெண்மையாக இருந்ததாக அறிவிப்புகள் உள்ளன. சாயமிடும்படி வந்த கட்டளை கட்டாயத்தைக் குறிப்பதன்று என்றும், முன்னோர்களில் பூசியவர்களும் பூசாதவர்களும் ஒருவரை ஒருவர் குறை சொன்னதில்லை என்றும் இமாம் தபரி (ரஹ்) அவர்கள் கூறியதை உலமாக்கள் எடுத்தெழுதுகிறார்கள்.

இந்தக் கடைசி வாக்கியம் நம் பள்ளிவாசல் திண்ணைகளுக்கு மிகவும் வேண்டியது. கறுப்புப் பூசியவரைக் கண்டால், "இமாமுக்குப் பின்னால் நிற்கிறார், தலையைப் பாருங்கள்" என்று முணுமுணுப்பது நம்மிடம் இருக்கிறது. அவர் திருந்தி நரையோடு வந்தால், "என்ன பாய், ஒரே மாதத்தில் கிழமாகிவிட்டீர்!" என்று சிரிப்பதும் இருக்கிறது. முதல் பேச்சு ஒருவரை மார்க்கத்திலிருந்து விலக்குகிறது. இரண்டாவது பேச்சு அவரை மறுபடியும் சாயப் பொட்டலத்துக்கே துரத்துகிறது. இரண்டும் நமக்கு வேண்டாம்.

சாயப் பொட்டலத்தில் உள்ளது என்ன?

இன்று விற்கும் நிரந்தரக் கறுப்புச் சாயங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆதாரம் பாராபினிலின்டையமின் என்னும் இரசாயனம். சுருக்கமாக பி.பி.டி. என்பர். பிரான்சில் யூஜீன் ஷுவெல்லர் என்ற இரசாயன நிபுணர் 1907-இல் முடிச்சாயம் தயாரித்து முடிதிருத்துவோருக்கு விற்கத் தொடங்கினார். 1909-இல் அவர் நிறுவிய கம்பெனியே பின்னால் லோரியால் ஆயிற்று. அந்த வழியில் வந்த சாயமே இன்று நம் மளிகைக் கடை அலமாரி வரை வந்து சேர்ந்திருக்கிறது.

இது வேலை செய்யும் விதம் இதுதான். பி.பி.டி. முதலில் நிறமில்லாத சிறு துகளாக முடிக்குள் நுழைகிறது. உடன் கலக்கும் பெராக்சைடு அங்கே அதை மாற்றிப் பெரிய கறுப்புத் துகளாக்குகிறது. பெரிதானபின் அது வெளியே வர இயலாமல் முடிக்குள் சிக்கிக்கொள்கிறது. ஆகவேதான் எத்தனை முறை ஷாம்பு போட்டுக் குளித்தாலும் அது முழுவதும் போவதில்லை. சாயம் ஏறிய முடி வளர்ந்து வெட்டப்பட்டால்தான் சாயம் போகும்.

இதன் தீங்கு என்ன? எல்லாருக்கும் தீங்கு செய்யும் என்று சொல்ல முடியாது. ஆனால் சிலருக்கு உடம்பு இதை ஏற்பதில்லை. பத்து ஆண்டுகள் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, பதினோராவது ஆண்டில் ஒரு நாள் திடீரென்று அரிப்பு, கொப்புளம், கண்ணிமை வீக்கம், முகம் முழுவதும் வீங்குதல் என்று வரும். ஒருமுறை அப்படி வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் அந்த ஒவ்வாமை இருக்கும். அடுத்த முறை இன்னும் கடுமையாக வரும். அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2006-ஆம் ஆண்டுக்குரிய ஒவ்வாமைப் பொருளாக பி.பி.டி.யையே தேர்ந்து அறிவித்தது. தலையில் பூசும் நிலையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் இது இருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. தோலில் பூசும் மருதாணியில் இதைச் சேர்ப்பதற்கு அங்கே அனுமதியே இல்லை.

வாய்க்குள் போனால் இது கடும் விஷம். தொண்டை வீங்கி மூச்சடைக்கும். தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலற்றுப் போகும். ஆகவே பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் இந்தப் பொட்டலத்தை வைக்கவே கூடாது.

"நாங்கள் இரசாயனம் பூசுவதில்லை, கறுப்பு மருதாணிதான்" என்று சிலர் சொல்வர். சகோதரர்களே, மருதாணி இலையில் உள்ள நிறம் செம்மஞ்சளும் செம்பழுப்புமே. வெறும் மருதாணி ஒருபோதும் கறுப்பாகாது. அரை மணி நேரத்தில் கன்னங்கரேலென்று ஆக்கும் 'கறுப்பு மருதாணி' எதுவானாலும் அதில் பி.பி.டி. கலந்திருக்கக்கூடும் என்றே கொள்ள வேண்டும். பெருநாள் சமயத்தில் பிள்ளைகளின் கையில் கறுப்பாகப் பூசும் கூம்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

விடும் வழி

இப்போது பாடத்தின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். விட நினைப்பவர் பயப்படுவது நரைக்கு அன்று, இடைக்காலத்துக்கு. மேலே கறுப்பு, அடியில் வெள்ளை என்று இரண்டு நிறமாக நிற்கும் அந்தச் சில மாதங்களே அவரை மறுபடியும் சாயத்துக்கு இழுக்கின்றன. அதற்குக் கணக்கும் உண்டு, வழியும் உண்டு.

மாதம் ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கைப் போடுங்கள். தலைமுடி மூன்று சென்டிமீட்டர் நீளம் வைத்திருப்பவருக்கு மூன்று மாதத்தில் முழுவதும் மாறிவிடும். ஆறு சென்டிமீட்டர் என்றால் அரை ஆண்டு. இதைப் பலர் 2020-இல் விரும்பாமலே செய்து பார்த்தார்கள். அவ்வாண்டு மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து முடிதிருத்தும் கடைகள் மூடப்பட்டன. ஜூன் 10-இல்தான் திறந்தன. பன்னிரண்டு வாரம். ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் வெள்ளை. கடையிலே சாயம் போட்டுப் பழகியவர்களுக்கு அந்த வாரங்களில் தங்கள் சொந்த நிறம் என்னவென்று தெரிந்தது. அதன்பின் வெட்டிக்கொண்டு அப்படியே விட்டுவிட்டவர்களும் உண்டு.

முதல் வழி, முடியைச் சிறிதாக வெட்டிக்கொள்வது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை சாயம் பூசிய அதே நாளில் இனி முடிதிருத்துபவரிடம் போய் உட்காருங்கள். ஒவ்வொரு முறையும் நுனிக் கறுப்பு குறையும். மூன்று நான்கு முறையில் வேலை முடிந்துவிடும். செலவும் கூடாது.

இரண்டாவது வழி, உம்ரா அல்லது ஹஜ். ஆண்கள் அங்கே தலை மழிப்பது முடி குறைப்பதைவிடச் சிறந்தது. மழித்தவர்களுக்காக நாயகம் (ஸல்) அவர்கள் கூடுதலாகத் துஆ செய்தது ஹதீதுகளில் பிரசித்தம். மழித்துத் திரும்பியவருக்கு ஒரு மாதத்தில் தலை முழுவதும் ஒரே நிறத்தில் ஒரு சென்டிமீட்டர் முளைத்திருக்கும். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பயணத்துக்கு முன் கடைசியாக ஒருமுறை பூசிக்கொள்ளும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது வழி, மருதாணி. வெட்டவும் மனமில்லை, உம்ராவும் இப்போது இல்லை என்பவர், புதிதாக முளைக்கும் வெள்ளைக்குச் சுத்த மருதாணி பூசலாம். கறுப்புக்குப் பக்கத்தில் வெள்ளை நின்றால் கண்ணை உறுத்தும். செம்பழுப்பு நின்றால் அவ்வளவு உறுத்தாது. மருதாணித் தூளை வெதுவெதுப்பான நீரில் குழைத்துச் சில மணி நேரம் ஊறவைத்து, தலையில் இரண்டு மணி நேரமாவது வைத்து அலசுவது வழக்கம். முதல் நாள் ஆரஞ்சு நிறமாகத் தெரிந்தால் பதறத் தேவையில்லை. இரண்டு நாளில் அடங்கிப் பழுப்பாகும். அவுரி இலைத் தூளை அதனோடு கலந்தால் இன்னும் ஆழ்ந்த பழுப்பு வரும். ஆனால் அவுரியை அதிகமாக்கினால் கறுப்பே வந்துவிடும். இலையிலிருந்து வந்தாலும் கறுப்பு கறுப்புதான். மார்க்கச் சட்டம் பேசுவது நிறத்தைப் பற்றி. எனவே அளவு பார்த்துக் கலக்க வேண்டும்.

தாடிக்கு வருவோம். ஒரு பிடி நீளத் தாடி முழுவதும் மாற எட்டு அல்லது பத்து மாதமாகலாம். முகத்தோல் மென்மையானது, சாய ஒவ்வாமை முகத்தில் கடுமையாகத் தெரியும். ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் முதலில் விட முடியும் என்பவர் தாடிச் சாயத்தை முதலில் விடட்டும். நுனியை மட்டும் அவ்வப்போது ஒழுங்குபடுத்தி வந்தால் போதும். நரையைப் பிடுங்க வேண்டாம்; அதைப் பற்றிய தடையை மேலே கண்டோம்.

பெண்களுக்கு இந்தக் கணக்கு நீளம். அறுபது சென்டிமீட்டர் கூந்தல் முழுவதும் மாற ஐந்து ஆண்டு ஆகும். மருதாணிதான் அவர்களுக்கு எளிய பாலம். ஒன்று மட்டும் கணவன்மார்களுக்குச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரம்மா நரையோடு இருக்க விரும்பினால் கேலி செய்யாதீர்கள். நமக்குக் கண்ணியம் என்று வந்த நரை அவர்களுக்கு மட்டும் குறையாகிவிடாது.

வெளுக்கும் மருந்து போட்டுப் பழைய கறுப்பை ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்று சொல்வதைக் கேட்க வேண்டாம். கறுப்பு போய்ச் செம்பட்டை வரும். முடியும் வறண்டு ஒடியும்.

ஒளுவைப் பற்றியும் ஒரு சொல். மருதாணியோ சாயமோ முடியில் ஏறி நிறமாக மட்டும் நின்றால் ஒளுவுக்கும் கடமையான குளிப்புக்கும் தடையில்லை. ஆனால் இடைக்காலத்தில் நரையை மறைக்கச் சிலர் பூசும் மை, தூள், தெளிப்பான் ஆகியவை முடியின் மேல் படலமாகப் படிகின்றன. தண்ணீரைத் தடுக்கும் படலமானால் அதைக் கழுவிவிட்டே கடமையான குளிப்பைக் குளிக்க வேண்டும்.

கல்லாவும் நரையும்

"வியாபாரிக்குத் தோற்றம் வேண்டாமா?" என்று கேட்கலாம். நேற்றுவரை 'அபாங்' என்று அழைத்த மலாய் வாடிக்கைக்காரர் இன்று 'பக்சிக்' என்பார். சீனர் 'அங்கிள்' என்பார். நம் பிள்ளைகள் 'அண்ணே' என்பதை விட்டுப் 'பெரியவரே' என்பார்கள். முதல் வாரம் காதில் கொஞ்சம் குத்தும். ஆனால் அந்த மூன்று சொல்லும் மரியாதைச் சொற்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

பள்ளிக்கூடத்தில் படித்த கரிகாற் சோழன் கதை நினைவிருக்கலாம். அவன் இளமையிலேயே அரசனானவன். வழக்கோடு வந்த முதியவர்கள் இருவர், இவ்வளவு இளையவன் எப்படி நியாயம் சொல்வான் என்று தயங்கினார்கள். அதை அறிந்த சோழன் நரைமுடி தரித்து முதியவனைப் போல் வந்து வழக்கைக் கேட்டுத் தீர்ப்பளித்தான் என்று பழமொழி நானூறு குறிப்பிடுகிறது. ஓர் அரசனே ஜனங்களின் நம்பிக்கைக்காக நரையைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. நமக்கோ அல்லாஹ் அதைக் கடனில்லாமல் கொடுத்திருக்கிறான். காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களை நினைத்தால் நம் கண்முன் வருவது வெண்தாடி நிறைந்த முகந்தான். அந்த முகத்தை நம்பி ஒரு சமுதாயமே பின்னால் நின்றது.

சபுராளிகளாக இங்கே வந்து உழைப்பவர்களின் விஷயம் வேறு வகை. இரண்டு மூன்று ஆண்டுக்குப் பின் ஊருக்குப் புறப்படும் முதல் நாள் சாயம் பூசிக்கொள்ளும் பழக்கம் அவர்களிடம் உண்டு. தகப்பன் கிழமானது பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்ற பாசம் அதற்குக் காரணம். அந்தப் பாசத்தை நாம் பழிக்க மாட்டோம். ஆனால் தகப்பன் தங்களுக்காக நரைத்திருக்கிறான் என்பது பிள்ளைகளுக்குத் தெரிவதில் நன்மையும் உண்டு. கைக்கு வரும் பணம் எங்கிருந்து வருகிறது என்று அவர்கள் அறிவார்கள்.

இரண்டு இடங்களில் மட்டும் விட்டுக்கொடுப்பு இல்லை. ஒன்று நிக்காஹ். வயதை மறைத்துப் பெண் கேட்பதற்காகக் கறுப்புப் பூசினால் அது ஏமாற்று; எந்த மத்ஹபும் அதற்கு இடம் தராது. தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்ற கருத்தைச் சொன்னது வியாபாரிகளான நமக்குத் தெரிந்த ஹதீதே. மேலே உலர்ந்த தானியம், கீழே நனைந்த தானியம். இது சந்தைக்கு மட்டுமான சட்டமன்று.

மற்றொன்று விற்பனை. சாயப் பொட்டலம் நம் கடைகளில் விற்கிறது. இந்நாட்டில் அழகுப் பொருள் எதுவும் விற்பனைக்கு வருமுன், பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்துக்கு அறிவித்து எண் பெற்றிருக்க வேண்டும். அந்த எண் என், ஓ, டி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஊரிலிருந்து கைப்பெட்டியில் வந்த பெயரில்லாப் பொட்டலம், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத 'கறுப்பு மருதாணி', கட்டவிழ்த்து நிறுத்துக் கொடுக்கும் சாயத்தூள் ஆகியவற்றை அலமாரியில் வைக்க வேண்டாம். கேட்டு வரும் வாடிக்கைக்காரரிடம், பூசுவதற்கு 48 மணி நேரம் முன்பு காதின் பின்புறம் சிறிது தடவிப் பார்க்கும்படி சொல்லுங்கள். அரிப்போ வீக்கமோ கண்டால் பூச வேண்டாம். நாக்கு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதைச் சொல்வதால் ஒரு பொட்டலம் விற்காமல் போகலாம். ஒரு மனிதரின் முகம் காப்பாற்றப்படும்.

குடும்பத்தோடு பேசிப் பார்க்கச் சில கேள்விகள்

1. மஞ்சளையும் சிவப்பையும் விட்டு, கறுப்பைப் பற்றி மட்டும் இமாம்கள் தனியே பேசியது ஏன்?

2. நம் தலைமுடி எத்தனை சென்டிமீட்டர்? இன்று விட்டால் எந்த மாதம் முழுவதும் மாறும்?

3. நம் கடை அலமாரியில் உள்ள சாயப் பொட்டலங்களில் அறிவிப்பு எண் இல்லாதவை எத்தனை?

4. ஜமாஅத்தில் ஒருவர் முதன்முதலாக நரையோடு வந்தால் நாம் அவரிடம் என்ன சொல்வோம்?

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதிலை இங்கேயே எழுதிவிடுகிறோம். ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஸலாம் சொல்லி, ஸஃப்பில் இடம் ஒதுக்கிக் கொடுத்தால் போதும். விட விரும்புகிறவருக்கு அதைவிடப் பெரிய துணை வேறில்லை.

அல்லாஹ் நம் கறுப்பு முடிக் காலத்தையும் வெள்ளை முடிக் காலத்தையும் அவனுக்குப் பொருத்தமான வழியில் ஆக்கி வைப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.